கேள்வி – பதில்: முழங்காலுக்கு மேலே ஏறாத புகை

ஒக்டோபர் 31 ஹலோவீன். வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும் வீடுகளிலும், உப்புவெளி, நிலாவெளிக் கரையோர விடுதிகளிலும் முற்றத்தை மயானமாக்கும் வேலை தொடங்கிவிட்டது. இம்முறை வந்த கேள்விகளில் புகை மெஷின் பற்றியவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கடற்கரைப் பக்கம் சிறிய விடுதி வைத்திருக்கிறோம். 900 வாட்ஸ் புகை மெஷின் ஒன்று வாங்கினோம். புகை நிறைய வருகிறது; ஆனால் வந்த கையோடு தென்னை உயரத்துக்குப் போய்விடுகிறது. எங்களுக்குத் தரையோடு கிடக்க வேண்டும். 1500 வாட்ஸ் மெஷினாக மாற்றினால் சரிவருமா?
– வாசகி, உப்புவெளி

சரிவராது. கூடிய புகை கூடிய வேகத்தில் தென்னைக்கு ஏறும், அவ்வளவுதான். அந்தக் காசை ஐஸுக்குக் கொடுங்கள்.

மெஷினுக்குள் இருப்பது ஒரு சூடான உலோகக் கட்டியும் சின்னப் பம்பும். கிளைக்கோல் அல்லது கிளிசரின் கலந்த தண்ணீரைப் பம்ப் அந்தக் கட்டிக்குள் தள்ள, அது ஆவியாகி மெஷினின் மூக்கு வழியே பாய்கிறது. வெளிக்காற்றுப் பட்டதும் நுண்துளிகளாக மாறுகிறது. நாம் காணும் "புகை" அந்தத் துளிகள்தான்; எரிந்து வந்த புகை அல்ல. சூடாக வருவதால் மேலே ஏறுகிறது. சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராக வந்தால் தண்ணீரைப் போலப் பள்ளம் தேடி ஓடும். ஆகவே மெஷினுக்கு முன்னால் ஒரு ஐஸ் பெட்டி வேண்டும். திருகோணமலையில் மீன்காரர் கையில் இல்லாத பெட்டியா? பழைய றெஜிபோம் மீன் பெட்டி போதும். உள்ளே 18 அங்குல ஆழமாவது இருக்க வேண்டும், மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும்.

பெட்டியின் ஒரு பக்கத்தில், மூடிக்குச் சற்றுக் கீழே, 4 அங்குல பி.வி.சி. குழாய் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். எதிர்ப்பக்கத்தில் அடியிலிருந்து ஓர் அங்குலம் விட்டு அதே அளவு ஓட்டை. குளிர்ந்த புகை கீழே இறங்கும் என்பதால் மேலே விட்டுக் கீழே எடுக்கிறோம். இரண்டு ஓட்டையையும் ஒரே மட்டத்தில் போட்டால் பாதிப் புகை ஐஸைத் தொடாமலே வெளியே வந்துவிடும். உள்ளே 6 அங்குல நீளத்தில் நான்கு குழாய்த் துண்டுகளைக் கால்களாக நிறுத்தி, அவற்றின் மேல் கோழிக்கூட்டு வலையை இரட்டையாக மடித்து வையுங்கள். வலையின் மேல் 8 அங்குல உயரத்துக்கு ஐஸ். சாதாரணப் பெட்டிக்கு 15 கிலோ அளவில் பிடிக்கும். மேலே 4 அங்குலம் வெறுமையாக இருக்கட்டும். குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை டேப் போட்டு அடையுங்கள்.

ஐஸ் என்ன அளவு என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். முழுக் கட்டியாக வைத்தால் புகை அதன் ஓரத்தால் நழுவிப் போகும், குளிராது. மீனுக்குப் போடுகிற தூளாகக் கொட்டினால் பத்து நிமிடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவராகிவிடும். புகை உள்ளே போகாமல் மெஷின் பக்கமே திரும்பி வரும். கட்டியைச் சாக்கில் சுற்றி, தேசிக்காய் அளவுத் துண்டுகளாக உடையுங்கள்.

மெஷின் மூக்கைக் குழாயோடு ஒட்ட வைக்க வேண்டாம். இரண்டு, மூன்று அங்குலம் தள்ளி, குழாய் வாயை நேராகப் பார்க்க வையுங்கள். மூக்கின் சூட்டில் பி.வி.சி. இளகும் என்பது ஒரு காரணம். மற்றது, அந்த இடைவெளியால் வெளிக்காற்றும் சேர்ந்து போனால்தான் ஆவி ஒழுங்காகத் துளியாகும். இல்லாவிட்டால் குழாய்ச் சுவரிலேயே படிந்து சொட்டும். வெளிவரும் குழாயும் 3 அடிக்கு மேல் நீள வேண்டாம்.

பொத்தானை 5 விநாடி அழுத்தி, ஒரு நிமிடம் விடுங்கள். புகை மெதுவாகப் போனால்தான் குளிரும். 1500 வாட்ஸ் வேண்டாம் என்றதும் இதனால்தான்: அது தள்ளுகிற வேகத்தில் ஐஸைத் தொட்டும் தொடாமலும் வெளியே வந்துவிடும். ஐஸ் பெட்டிக்கு 400 முதல் 700 வாட்ஸ் மெஷினே நல்லது. உங்கள் 900 வாட்ஸையும் சிறு சிறு அழுத்தமாகப் பயன்படுத்தலாம். மணிக்கு ஒருதரம் மூடியைத் திறந்து ஐஸின் மட்டம் பாருங்கள், பாதியாகிவிட்டால் நிரப்புங்கள்.

இன்னுமொன்று. நமது மணல் பகல் முழுக்க வாங்கிய சூட்டைப் பொழுது பட்ட பிறகும் விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் குளிர்ந்த புகையும் சில நிமிடத்தில் எழும்பிவிடும். பொழுது படும்போது முற்றத்துக்கு நன்றாகத் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

முற்றத்தில் மெஷினை எந்த மூலையில் வைப்பது? போன வருடம் புகை முழுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சண்டையாகிவிட்டது.
– வாசகர், அலஸ்தோட்டம்

மெஷினைவிடக் காற்றே பெரிய ஆள். கச்சான் (தென்மேற்குக் காற்று) பலமாக வீசும் மாதங்களில் கேட்டிருந்தால் உள்ளேயே வையுங்கள் என்றிருப்போம். ஒக்டோபர் கடைசியில் கச்சான் விட்டுவிடும், வாடை (வடகிழக்குக் காற்று) இன்னும் பிடித்திருக்காது. மழை மட்டும் குழப்பாவிட்டால் நல்ல காலம். அமைதியான நாளில் பகலில் கடற்காற்று கரைக்கு வரும், இரவில் தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். பின்னேரம் நாலு மணிக்குப் பரீட்சித்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு அதே மூலையை நம்பினால் புகை நேரெதிர்ப் பக்கம் போகும். சண்டைக்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில், முதல்நாளே ஓர் ஊதுபத்தியைக் கணுக்கால் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். தலை உயரத்துக் காற்று வேறு, தரைக் காற்று வேறு. காற்று வரும் பக்கத்தில், வளவின் உயர்ந்த மூலையில் பெட்டியை வையுங்கள். மறைப்புக்குக் கிடுகு வேலி மதிலைவிட நல்லது. மதிலில் மோதும் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழுந்து புகையைக் கலைக்கும்; கிடுகு அதைச் சல்லடைபோலத் தணித்து விடும். புகை ஓடிப்போகும் பக்கத்தில் ஒன்றரை அடி உயரத்துக்குத் தென்னோலை மட்டையைச் சாய்த்து வைத்தால் தேங்கி நிற்கும்.

பக்கத்து வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரியாமல் பார்ப்பவருக்கு அது நெருப்புப் பிடித்த வீடுதான். மயானத்துக்கு அருகில் வீடென்றால் இன்னும் கவனம்: நவம்பர் 2 கத்தோலிக்கருக்குக் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் நாள். நமது விளையாட்டு அவர்களுடைய துக்கத்தின் வாசலில் வேண்டாம்.

கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்து தந்த 400 வாட்ஸ் மெஷின் இருக்கிறது. பிளக் மாற்றும் சின்ன அடெப்டர் போட்டால் போதுமா?
– வாசகர், ஓர்ஸ் ஹில்

போட்டீர்களென்றால் சில நிமிடத்தில் மாமாவுக்குத் துக்கச் செய்தி சொல்ல வேண்டிவரும். அடெப்டர் பிளக்கின் உருவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. வோல்டேஜ் ஏறக்குறைய இரட்டிக்கும்போது ஹீட்டர் இழுக்கும் சக்தி மூன்றரை மடங்குக்கு மேலாகும்: 400 வாட்ஸ் ஹீட்டர் 1400 வாட்ஸுக்கு மேல் கொதிக்கும். சூடு மிஞ்சினால் கறண்டைத் துண்டிக்கும் தேர்மல் பியூஸ் உள்ளே இருக்கும்; அது போவது நல்ல முடிவு. போகாவிட்டால் இன்னும் மோசம்.

மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் 230 இலிருந்து 120க்கு இறக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். 400 வாட்ஸுக்கு 750 வி.ஏ. (வோல்ட்-அம்பியர்) ஆவது எடுங்கள். தூக்கும்போது பாரமாக இருக்க வேண்டும். தலைமுடி உலர்த்திக்கென்று விற்கும் இலேசான கொன்வேர்ட்டர் பம்புக்கு ஒத்துவராது. அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50 என்பதால் பம்ப் கொஞ்சம் மெதுவாக அடிக்கும், பரவாயில்லை.

இங்கே வாங்கிய மெஷினுக்கும் ஒரு வார்த்தை. 1500 வாட்ஸ் என்றால் ஆறரை அம்பியர். 5 அம்பியர் உருண்டை சொக்கட்டில் குத்தாமல் 13 அம்பியர் சொக்கட்டில் போடுங்கள். சுருள் வயரைப் பயன்படுத்தினால் முழுவதையும் அவிழ்த்து விடுங்கள், சுருண்டபடி இருந்தால் சூடேறி உருகும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பிலிருந்து ஈர மணலுக்குக் கறண்ட் எடுக்கவே வேண்டாம்.

புகைத் திரவம் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்கிறார்கள். வீட்டில் கலக்கலாமா? காருக்கு ஊற்றும் கூலண்டும் கிளைக்கோல்தானே?
– வாசகர், கிண்ணியா

கூலண்ட் கூடவே கூடாது. அதில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கோல், நஞ்சு. புகைத் திரவத்தில் சேர்ப்பது புரொப்பிலீன் கிளைக்கோல், ட்ரைஎத்திலீன் கிளைக்கோல் போன்றவை. பெயரில் சொந்தம், குணத்தில் இல்லை.

வாங்கிய திரவமே முதல் தெரிவு. கிடைக்காவிட்டால்: ஒரு லீற்றர் பட்டரித் தண்ணீர் (பட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர்), 200 மில்லிலீற்றர் கிளிசரின். கிளிசரின் பார்மசியில் விற்கும் சுத்தமானதாக இருக்கட்டும். வாசனை சேர்த்தது வேண்டாம். பட்டரித் தண்ணீர் வாங்கும்போது போத்தலின் லேபிளை இரண்டு தரம் வாசியுங்கள், சில கடைகளில் பட்டரி அசிட்டும் அதே தட்டில் இருக்கும். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஊற்றாதீர்கள். கரையோரக் கிணற்றின் உப்பும் சுண்ணாம்பும் கேத்தலின் அடியில் படிவதுபோல் ஹீட்டரின் நுண்குழாயிலும் படிந்து அடைத்துவிடும்.

கிளிசரினைக் கூட்டினால் புகை தடிக்கும், ஆனால் உள்ளே பிசுபிசுப்பும் கூடும். அளவுக்கு மிஞ்சிச் சூடான கிளிசரின் அக்ரோலீன் என்ற வாயுவாகச் சிதையும். கருகிய எண்ணெய் மணம், கண் எரிவு. அப்படி மணத்தால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். நிறச்சாயம் கலப்பதில் பலனில்லை. புகை வெள்ளையாகத்தான் வரும், மெஷினின் மூக்குத்தான் அடைபடும். பச்சை வேண்டுமென்றால் புகைக்குப் பின்னால், தரையோடு, பார்ப்பவரை நோக்கி 10 வாட்ஸ் பச்சை எல்.ஈ.டி. ஒன்றை வையுங்கள். முன்னாலிருந்து அடித்தால் புகை தெரியாது, சுவர்தான் தெரியும்.

டெங்குக்குப் புகை அடிக்கும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாமா? புகை மலைபோல வருமே.
– வாசகர், மூதூர்

வேண்டாம். அதில் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ பூச்சிமருந்து கலந்திருக்கும். மருந்தில்லாமல் அடித்தாலும் அது எரிபொருள் பனி. பூசணிக்காய்க்குள் மெழுகுதிரி எரிகிற முற்றத்தில் அதை விடுவதா?

ட்ரை ஐஸ் பற்றி?
– வாசகர், நிலாவெளி

அழகான தரைப்புகை தரும், ஆனால் அது உறைந்த காபனீரொட்சைட்டு. அதிலிருந்து வரும் வாயு பள்ளத்திலும் மூடிய அறையிலும் தேங்கி மூச்சை அடைக்கும். பிள்ளைகள் தரையில் தவழும் இடத்துக்கு ஆகாது. சைபருக்குக் கீழே 78 பாகை என்பதால் வெறுங்கையால் தொடக்கூடாது, மூடிய போத்தலில் போட்டால் வெடிக்கும். கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் ஏசி வேனில் கண்ணாடி மூடிக் கொண்டுவருவது எல்லாவற்றிலும் ஆபத்து. ஐஸ் பெட்டி இருக்கும்போது இது எதற்கு?

விளக்கு எரிகிறது, மெஷின் சூடாகிறது, பொத்தானை அழுத்தினால் சத்தம் மட்டும். புகை இல்லை.
– வாசகி, பாலையூற்று

எப்படிப்பட்ட சத்தம் என்பதில் விடை இருக்கிறது. கடகடவென்று பெரிதாக அதிர்ந்தால் பம்பில் காற்றுப் புகுந்திருக்கிறது: தாங்கியில் திரவம் குறைவு, அல்லது உறிஞ்சும் குழாய் நுனியிலுள்ள வடி அடைத்திருக்கிறது. வடியைக் கழுவி, தாங்கியை நிரப்பி, விட்டுவிட்டு அழுத்துங்கள். வெறுமையாக ஓடவிட்டால் பம்ப் எரிந்துவிடும். அடங்கிய முனகல் மட்டும் கேட்டால் ஹீட்டர் அல்லது மூக்கு அடைப்பு. சத்தமே இல்லையென்றால் இன்னும் சூடேறவில்லை, அல்லது பம்பின் ஆயுள் முடிந்தது. புகைக்குப் பதில் சுடுதண்ணீர் துப்பினால் சூடு போதாது. மாலை நேரத்தில் வோல்டேஜ் 200க்கு இறங்கினால் ஹீட்டரின் சக்தி கால்வாசி குறைந்துவிடும், கூடுதல் நேரம் காத்திருங்கள்.

அடைப்புக்கு: நாலு பங்கு பட்டரித் தண்ணீருக்கு ஒரு பங்கு தெளிந்த செயற்கை வினாகிரி. தென்னை வினாகிரி வேண்டாம், அதன் மண்டி இன்னும் அடைக்கும். மெஷினை வெளியில் வைத்து, இதில் 100 மில்லிலீற்றரைச் சிறிது சிறிதாக ஓட்டுங்கள். மூக்கை முற்றாக ஆறியபின் கழற்றி அதே கலவையில் ஓர் இரவு ஊறவிடலாம். சூடாக இருக்கும்போது ஊசியால் குத்தாதீர்கள், உள்ளே அழுத்தம் இருந்தால் முகத்தில் அடிக்கும். மெஷினை எடுத்து வைக்கும் முன்பும் இப்படி ஒருதரம் கழுவி, உப்புக்காற்றுப் படாமல் பொலித்தீன் உறையில் கட்டுங்கள்.

மகனுக்கு இழைப்பு இருக்கிறது. பக்கத்தில் நிற்கலாமா?
– வாசகி, சாம்பல்தீவு

மெஷினின் மூக்குக்கு முன்னால் வேண்டாம். திறந்த முற்றத்தில், காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்கட்டும், இன்ஹேலர் கையில் இருக்கட்டும். இருமத் தொடங்கினால் மெஷினை நிறுத்துங்கள். விறாந்தைக்குள் அடிக்கவே வேண்டாம். பளிங்கு ஓடு பதித்த தரையில் திரவம் படிந்தால் யாருக்கும் வழுக்கும்.

முடிந்தபின் ஐஸ் பெட்டியை அப்படியே வைக்கலாமா?
– வாசகர், குச்சவெளி

அன்றிரவே கவிழ்த்துவிடுங்கள். மழைக்காலம் தொடங்கும் நேரம், அடியில் நிற்கும் ஓர் அங்குலம் உருகிய தண்ணீரே நுளம்புக்குப் போதும். வலையையும் குழாய்த் துண்டுகளையும் கழற்றிக் காயவிடுங்கள். இரவல் வாங்கிய மீன் பெட்டி என்றால் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவி, ஓட்டைகளை அடைத்துத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த நாள் அதற்குள் மீன் போக இருக்கிறது.