வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: காரை வெட்டாமல் இறங்கச் சொன்னது சரியா?

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். சென்ற மாதம் அவன் ஓட்டிச் சென்ற கார்மீது பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதிவிட்டது. கழுத்து வலிக்கிறது என்று அவன் சொல்லியும், வந்த தீயணைப்பு வீரர்கள் காரை வெட்டவில்லை. சில கேள்விகள் கேட்டுவிட்டு அவனையே மெதுவாக இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் ஆளை அசைக்கவே கூடாது, கூரையை அறுத்துப் பலகையில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். பரிசோதனையில் எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்த பிறகும் என் மனம் ஆறவில்லை. இது அலட்சியம் இல்லையா? நம் ஊரில் இப்படி ஒருவர் சிக்கிக்கொண்டால் நாமும் இறங்கச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அலட்சியம் இல்லை, அம்மா. உங்கள் மகனுக்குக் கிடைத்தது, இன்றைய அறிவுக்கு ஏற்ற சரியான உதவி. நீங்கள் படித்ததும் தவறான செய்தி அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்புவரை மீட்புப் பணியாளர்களுக்கு அப்படித்தான் பயிற்சி கொடுத்தார்கள்.

முறிந்த எலும்பு சற்றே விலகினாலும் அதனுள் செல்லும் தண்டுவடம் நசுங்கி, கைகால் நிரந்தரமாகச் செயலிழக்கலாம் என்ற அச்சமே அந்தப் பயிற்சிக்கு அடிப்படை. அதனால் ஒரு மில்லிமீட்டர்கூட அசைக்காமல் எடுப்பதுதான் இலக்கு என்று வைத்துக்கொண்டார்கள். அந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதை வெளியில் நிற்பவர்கள் அறிய வாய்ப்பில்லை. முதலில் கார் குலுங்காதபடி அடியில் கட்டைகளைச் செருகி நிறுத்த வேண்டும். பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்மீது சிதறாதபடி கண்ணாடிகளை அகற்ற வேண்டும். அடுத்து, கூரையைத் தாங்கும் தூண்களை ஹைட்ராலிக் கட்டரால் வெட்டுவதற்கு முன், அவற்றின் உட்புற பிளாஸ்டிக் உறையைப் பிய்த்துப் பார்ப்பார்கள். பக்கவாட்டு ஏர்பேக்கை ஊதச் செய்யும், அழுத்தம் மிகுந்த வாயு அடைத்த சிறு உருளை பல கார்களில் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கட்டரின் வாய் அதன்மேல் பட்டால் வெடித்துவிடும். கூரையைத் தூக்கிய பிறகு இருக்கையைச் சாய்த்து, முதுகுக்குப் பின்னால் நீளப் பலகையைச் செருகி, நான்கைந்து பேர் சேர்ந்து ஆளை அதன்மேல் இழுத்து எடுக்க வேண்டும். இவையெல்லாம் முடிய ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும்.

அந்த அரை மணி நேரம்தான் மருத்துவர்களை யோசிக்க வைத்தது. இங்கிலாந்தின் அவசர சிகிச்சை மருத்துவர் டிம் நட்பீம் தலைமையிலான குழு, அந்நாட்டின் விபத்துக் காயப் பதிவேட்டில் 2012 முதல் 2018 வரை இருந்த 63,625 வாகன விபத்து நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டது. அவர்களில் 6,983 பேர் வண்டிக்குள் சிக்கியிருந்தவர்கள். சிக்கியவர்களில் 8.9 சதவீதம் பேரும், சிக்காதவர்களில் 5 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். மோதல் கடுமையாக இருந்தால்தான் ஆள் சிக்குவார் என்பதால், இந்த வேறுபாடு முழுவதையும் தாமதத்தின்மேல் சுமத்த முடியாது. ஆனால் எந்தக் காயத்துக்கு அஞ்சி இவ்வளவு நேரம் செலவிட்டார்களோ, அந்தத் தண்டுவடக் காயம் சிக்கியவர்களில் 0.71 சதவீதம் பேருக்கு மட்டுமே இருந்தது. அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேறு கடுமையான காயங்களும் சேர்ந்திருந்தன. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஒருவரை, கழுத்தைக் காப்பாற்றுவதாக எண்ணி அரை மணி நேரம் காருக்குள்ளேயே வைத்திருப்பது அவருடைய உயிரோடு விளையாடுவதாகும். ரத்த அழுத்தம் குறைவதும் ஆக்சிஜன் குறைவதும் காயம்பட்ட தண்டுவடத்தையே மேலும் கெடுக்கும் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைவிட வியப்பானது இன்னொன்று. ஆரோக்கியமான தன்னார்வலர்களின் உடலில் அசைவை அளக்கும் கருவிகளைப் பொருத்தி, காரிலிருந்து பல விதமாக வெளியே எடுத்துப் பார்த்தார்கள். சொற்களால் வழிகாட்டப்பட்டு ஒருவர் தானாக இறங்கும்போது கழுத்தில் ஏற்படும் அசைவைவிட, கருவிகளோடும் பலகையோடும் பிறர் எடுக்கும்போது நான்கு மடங்குவரை அதிக அசைவு ஏற்படுவதாக அயர்லாந்து ஆய்வாளர்கள் 2014-ல் எழுதினார்கள். நட்பீம் குழுவின் சோதனைகளிலும், கூரையை அகற்றுவது உள்ளிட்ட முறைகளைவிடத் தானாக இறங்குவதில்தான் அசைவு குறைவாக இருந்தது. நினைவோடு இருப்பவரின் கழுத்துத் தசைகள் வலிக்கும் பக்கத்தைத் தாமே இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. எத்தனை பேர் எவ்வளவு கவனமாகத் தூக்கினாலும் அந்தக் காவலுக்கு ஈடாகாது.

உங்கள் மகனிடம் கேட்ட கேள்விகள் இதற்காகத்தான். சொல்வது புரிகிறதா, கைகால் விரல்களை அசைக்க முடிகிறதா, ஒரு காலையாவது ஊன்றி நிற்க முடியுமா என்று உறுதிசெய்துகொள்வார்கள். பிறகு, “தலையை நேராக வைத்துக்கொள்ளுங்கள், வலது காலை வெளியே எடுத்துத் தரையில் ஊன்றுங்கள், மெதுவாக எழுந்திருங்கள், வலி கூடினாலோ மரத்துப்போனாலோ உடனே நில்லுங்கள்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பக்கத்திலேயே நின்று ஸ்ட்ரெச்சர்வரை அழைத்து வருவார்கள்.

கட்டருக்கு வேலையில்லாமல் போய்விட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நசுங்கிய டேஷ்போர்டுக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டவர், நினைவிழந்தவர், இடுப்பெலும்போ இரண்டு கால்களுமோ முறிந்தவர், உடலில் கம்பி குத்தி நிற்பவர் ஆகியோரால் தாமாக இறங்க முடியாது; தேவைப்பட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அவர்களுக்கும் இப்போது விரைவாக எடுப்பதே முதல் நோக்கம்.

மகனுக்கு இனிமேல் கை கால்களில் மரமரப்போ பலவீனமோ தோன்றினால், அல்லது சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஏற்பட்டால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. காயம்பட்டவர் தானாக இறங்குவது வேறு, நாம் அவரைக் கையைப் பிடித்து இழுப்பது வேறு. நம் சாலைகளில் நல்ல மனதோடு ஓடிவருபவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோவதையும் பார்க்கிறோம். தீப்பிடித்தாலோ, வண்டி தண்ணீரில் மூழ்கினாலோ, அவர் மூச்சு நின்றுவிட்டாலோ எப்படியாவது வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். அத்தகைய ஆபத்து இல்லாதபோது, இன்ஜினை அணைத்துவிட்டு, அவர் உங்களைப் பார்க்கத் தலையைத் திருப்பாதபடி நேர் எதிரே நின்று பேசுங்கள். பின் இருக்கையில் ஒருவர் அமர்ந்து இரு கைகளாலும் அவர் தலையை அசையாமல் தாங்கிக்கொள்ளலாம். நினைவோடு இருப்பவர் தாமாகவே இறங்க முற்பட்டால் அவரை அமுக்கி உட்காரவைக்க வேண்டாம். உடன் நின்று, படுக்க இடம் செய்து கொடுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது வழக்குப் பாயாதபடி, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது; அதனால் தயங்க வேண்டியதில்லை. 108-ஐயோ 112-ஐயோ அழைக்கும்போது, எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், கதவு திறக்கிறதா, யாருடைய உடலாவது இரும்பில் சிக்கியிருக்கிறதா என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். வெட்டும் கருவிகளோடு தீயணைப்பு வண்டியையும் சேர்த்து அனுப்ப வேண்டுமா என்பதை அதைக் கேட்டுத்தான் அவர்கள் முடிவு செய்வார்கள்.