கொரோனாவில் கோயிலை மூடியது விசுவாசக் குறைவா?

கேள்வி: கொரோனா வந்ததும் கத்தோலிக்கர்கள் கோயிலை மூடிவிட்டு யூடியூபில் பூசை நடத்தினார்களே, அது விசுவாசக் குறைவு இல்லையா?

இதே கேள்வியைப் பலர் என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள், வேறு சபைக்குப் போகிறவர்கள், கோயில் பக்கமே தலைகாட்டாதவர்கள் எல்லோரும்தான். கேட்கும்போதெல்லாம் மனசு சுருக்கென்று இருக்கும். நீங்கள் நகரத்தில் இருப்பவர் என்று நினைக்கிறேன். பூட்டிய கதவும் செல்போனில் ஓடிய பூசையும்தான் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. மைக் செட் தொழில் செய்கிறேன். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற பாதையில், டெல்டாவில் இருக்கிறது எங்கள் பங்கு, அதாவது ஒரு குருவானவர் பொறுப்பில் இருக்கிற கோயிலும் அதைச் சேர்ந்த ஊர்களும். கோயிலில் மைக், ஸ்பீக்கர் வேலை முழுக்க என் பொறுப்பு. அந்த இரண்டு வருஷமும் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்கிற உரிமையில்தான் எழுதுகிறேன்.

2020 மார்ச் 25 ஊரடங்கு தொடங்கியது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நடுவில். அதே தேதியிட்டு ரோமையிலிருந்து பெரிய வாரத்துக்கான, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய வாரத்துக்கான விதிமுறை வந்தது. குருத்தோலைப் பவனி கிடையாது. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு கிடையாது. பெரிய வெள்ளி சிலுவையை குருவானவர் மட்டும்தான் முத்தி செய்யலாம், அதாவது முத்தமிடலாம். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் வெளியே தீ மூட்டக் கூடாது, பாஸ்கா மெழுகுதிரியை மட்டும் ஏற்றலாம். மக்கள் இல்லாமல் பூசை. இதை ஃபாதர் எங்களுக்கு வாசித்துக் காட்டியபோது, செபமும் மறைக்கல்வியும் சொல்லித்தருகிற உபதேசியார் எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பெரிய வெள்ளிக்குச் சிலுவை முத்தி செய்யாமல் இருந்ததில்லை.

சரி, யூடியூபில் போடலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். போட்டோம். அதில் தப்பில்லை. திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் அதில்தான் பார்த்தார்கள். ஆனால் ஊரில் இருக்கிற வயதானவர்களில் பாதிப் பேரிடம் இருந்தது பட்டன் போன். கேபிள் இருந்த வீடுகளில் மாதா தொலைக்காட்சி ஓடியது. மார்ச் 27 இரவு திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் மழை நனைத்த காலி வளாகத்தில் தனியாக நின்று செபித்ததை அப்படித்தான் பார்த்தார்கள். ஆனாலும் சொந்தக் கோயில் பூசை, சொந்த சாமியார் குரல் வேறு இல்லையா?

ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, "கோபுரத்துல இருக்கிற பெட்டியை தெருவைப் பார்த்துத் திருப்ப முடியுமாப்பா?" என்று கேட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒலிமாசு என்று யாராவது வருவார்கள். கூம்பு ஸ்பீக்கர் இல்லை. பாக்ஸ் ஸ்பீக்கர்தான். ஒரு பெட்டியைக் கிழக்குத் தெருவுக்கும் இன்னொன்றை மேற்கே காலனிப் பக்கமும் திருப்பினேன். பாஸை, அதாவது கனத்த ஒலியைக் குறைத்து, பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கும்படி வைத்தேன். பையனை மைக்கில் வாசகம் படிக்கச் சொல்லிவிட்டு, தெருக்கோடி வரைக்கும் நடந்துபோய் எந்த வீட்டு வாசலில் எழுத்து பிசகாமல் கேட்கிறது, எங்கே இரைச்சலாகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறைத்தேன். காவல் நிலையத்தில் சொல்லிவிட்டோம். நம் மதம் இல்லாத வீடுகளில் நானும் உபதேசியாரும் போய்க் கேட்டோம். ஒரு வீட்டில்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லா ஊரிலும் இப்படி இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, எங்கள் ஊரில் இருந்தது.

ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. அவரவர் கொல்லைத் தென்னையில் குருத்து வெட்டி, வாசலில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சில வீடுகளில் ஓலையைச் சிலுவையாக முடைந்து நிலைப்படியில் செருகியிருந்தார்கள். உள்ளே ஃபாதர், ஒரு சிஸ்டர், உபதேசியார், நான். அவ்வளவுதான். பூசையில் ஃபாதர் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று சொல்லி நிறுத்தினார். வெளியே தெருவிலிருந்து பதில் வந்தது. நான் ஆம்ப்ளிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், கை நடுங்கிவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு பதிலுக்கும் ஃபாதர் கொஞ்சம் நேரம் விட்டுத்தான் தொடர்ந்தார்.

பாஸ்கா இரவு வாசலுக்கு வாசல் மெழுகுதிரி. உயிர்ப்பைப் புகழ்ந்து பாடுகிற பாஸ்காப் புகழுரையை ஃபாதர் முழுவதும் பாடினார். வழக்கமாக நீளம் என்று பாதியில் முடித்துவிடுவது உண்டு. அன்று முழுவதும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோயிலை மூடுவது விசுவாசக் குறைவு என்றால் புனித சார்லஸ் பொரோமேயோவுக்கு என்ன சொல்வீர்கள்? 1576-இல் மிலான் நகரத்தில் கொள்ளைநோய் வந்தபோது அவர்தான் அங்கே பேராயர். மக்களைக் கோயிலுக்குள் கூட்டவில்லை. தெருச் சந்திப்புகளில் பீடம் போட்டு, மக்கள் தங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பூசை காண ஏற்பாடு செய்தார். நோயாளிகளைத் தேடி அவரே போனார். அவரைத் திருச்சபை புனிதர் என்கிறது. இதை ஃபாதர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்த பிறகு யாருக்கும் தலைகுனிந்து பதில் சொன்னதில்லை. கடவுள் காப்பாற்றுவார் என்று சொல்லிக் கூட்டத்தைக் கூட்டி, பக்கத்து வீட்டுக்காரனுக்கு நோயைக் கொடுப்பது விசுவாசம் ஆகாது. அது கடவுளைச் சோதிப்பது. மற்ற சபைகளைக் குத்திக்காட்டுவதாக நினைக்க வேண்டாம், எங்கள் ஆட்களிலேயே திறந்தே ஆக வேண்டும் என்று சண்டை போட்டவர்கள் உண்டு.

ஜூலையில் ஒரு வேடிக்கையான நிலைமை வந்தது. கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் கீழே இருக்கிற சின்ன வழிபாட்டுத் தலங்களை மட்டும் திறக்கலாம் என்று தமிழக அரசு சொன்னது. எங்கள் கிளைக் கிராமத்துச் சின்னக் கோயில்கள் திறந்தன. பங்குக் கோயில் பூட்டியே இருந்தது. ஓலைக் கூரையிலிருந்து ஓட்டுக்கு மாறி அதிக நாள் ஆகாத கோயில்கள் அவை. மாதம் ஒரு பூசை கிடைப்பதே அபூர்வம். அந்த இரண்டு மாதமும் ஃபாதர் மாற்றி மாற்றி அங்கேயே பூசை வைத்தார். அந்த மக்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 1 பங்குக் கோயில் திறந்தது. தரையில் உட்காருகிற கோயில் எங்களுடையது, ஆறடிக்கு ஒரு வட்டம் பெயிண்டில் போட்டோம். வாசலில் இருந்த தீர்த்தத் தொட்டியைக் காயவைத்தோம். காணிக்கைப் பை சுற்றி வரவில்லை, வாசலில் பெட்டி வைத்தோம். பூசையில் ஒருவருக்கொருவர் அமைதி பகிர்வதில் மட்டும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மேல்நாட்டில் கைகுலுக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். நமக்கு 1969-இலேயே ரோமை அனுமதியோடு கைகூப்புவது வந்துவிட்டது.

கஷ்டமாக இருந்தது நன்மை, அதாவது நற்கருணை அப்பம் வாங்குவதுதான். காலம் காலமாக நாக்கில் வாங்கிப் பழகியவர்களைக் கையில் வாங்கச் சொன்னோம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டி வாழ்நாள் முழுக்க வயல் வேலை செய்தவர். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தார். முன்னால் போனதும் கையை நீட்டவில்லை. "இந்தக் கையில எப்படி சாமி?" என்றார். ஃபாதர், "நாத்து நட்ட கைதானே ஆத்தா, நீட்டுங்க" என்றார். நீட்டினார். இடது கையின் மேல் நற்கருணை இருக்க, வலது கையால் எடுக்கத் தெரியாமல், அப்படியே உள்ளங்கையோடு வாய்க்குக் கொண்டுபோனார். சொல்லுங்கள், அங்கே விசுவாசம் எந்த இடத்தில் குறைந்தது?

பாட்டு விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். பாடகர் குழு கூடாது, பதிவு செய்த பாட்டு போடலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் நெறிமுறையில் இருந்தது. பென்டிரைவில் பாட்டுப் போட்டேன். இன்றைக்கும் பல கோயில்களில் அதே பென்டிரைவ் பழக்கம் தொடர்கிறது, கேட்டால் வசதி என்கிறார்கள். பாடுகிற பிள்ளைகள் இருக்கும்போது அது எதற்கு?

மைக் செட் என்றதும் இதையும் சொல்லாமல் போக முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி, சின்னத் தேர் இழுத்துக்கொண்டு மாதா கோயிலுக்கு நடந்து போகிற கூட்டம்தான் எங்கள் சாலைக்கு உயிர். 2020-லும் 2021-லும் வேளாங்கண்ணித் திருவிழா பக்தர்கள் இல்லாமல் நடந்தது. சாலையில் மோர்ப்பந்தல் இல்லை, எலுமிச்சைச் சோறு இல்லை. எனக்கு வேலை இல்லை. கல்யாணம், காதுகுத்து, ஊர்த் திருவிழா, அம்மன் கோயில் கொடை எல்லாமே போச்சு. பந்தல் போடுகிறவர், சீரியல் பல்பு கட்டுகிறவர், ஜெனரேட்டர் வண்டி ஓட்டுகிறவர், நாதஸ்வரக்காரர் என்று ஒரு பெரிய கூட்டமே வாடகைக் கடைக்குள் சாமானைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தது. ஆம்ப்ளிக்குள் எலி புகுந்து வயரைக் கடித்ததுதான் மிச்சம். கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த மைக் செட்காரர் ஒருவருக்கும் எந்த உதவியும் வந்து சேரவில்லை. எங்களை யாரும் தொழிலாளி என்றே கணக்கில் எடுக்கவில்லை. ஏழைகளுக்கு உதவுகிற கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையின் அரிசிப் பையைத்தான் ஃபாதர் கொண்டுவந்து கொடுத்தார், யாருக்கும் தெரியாமல், இருட்டின பிறகு. கோயிலை மூடினார்கள் என்று சொல்கிறவர்கள் அந்தப் பையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

2021 ஏப்ரல் 26 மறுபடியும் மூடினோம். இந்தத் தடவை ஊருக்குள்ளேயே சாவு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் நேராகக் கல்லறைக்கு வரும். குடும்பத்தார் சாலையோடு நிற்க வேண்டும். பேட்டரி ஆம்ப்ளியையும் ஒரு சின்னப் பெட்டியையும் எக்ஸ்எல் வண்டியில் கட்டிக்கொண்டு நான் போவேன். கவச உடைக்குள்ளிருந்து ஃபாதர் சொல்கிற செபம் சாலையில் நிற்கிறவர்களுக்குக் கேட்க வேண்டும், அவர்கள் சொல்கிற ஆமென் குழி வரைக்கும் கேட்க வேண்டும் என்று அவர்கள் கையிலும் ஒரு மைக் கொடுத்தேன். அதற்கு நான் காசு வாங்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, சிலர் வாங்கினேன் என்று பேசியதால் சொல்கிறேன்.

ஜூலையில் திறந்து, ஆகஸ்டில் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் மூட வேண்டும் என்று வந்தது. ஞாயிறு இல்லாத கத்தோலிக்கர் என்ன செய்வார்? ஞாயிறு பூசைக்குப் போயே ஆக வேண்டும் என்கிற கடமையிலிருந்து ஆயர் விலக்குக் கொடுத்திருந்தார், சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஃபாதர் வியாழன் மாலை ஊருக்கென்று பூசை வைத்தார். களை பறிக்கப் போனவர்கள் கரையேறி, குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து வட்டத்துக்குள் உட்கார்ந்தார்கள்.

செல்போன் பூசை நேரில் காணும் பூசைக்கு ஈடாகாது என்பதை எங்கள் ஃபாதரே ஒவ்வொரு தடவையும் சொன்னார். நன்மை வாங்க முடியாத காலத்துக்கு அது ஒரு துணை, அவ்வளவுதான். நடக்க முடிகிறவர்கள் இன்னும் கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்ப்பதை நானும் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் மேற்குப் பெட்டியை இன்றைக்கும் ஞாயிறு முதல் பூசைக்குப் போடுகிறேன். காலனியில் படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள் அதைக் கேட்டுத்தான் செபம் சொல்கிறார்கள். கொரோனாதான் போய்விட்டதே, நிறுத்து என்று பங்குப்பேரவையில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் நிறுத்துவதாக இல்லை.