வாசகர் கேள்வி: வெயில் இருந்தும் வெந்நீர் இல்லையே!

கேள்வி: பெங்களூரு ஹொரமாவில் வசிக்கிறோம். 2014-ல் மொட்டைமாடியில் பொருத்திய, கண்ணாடிக் குழாய்கள் கொண்ட 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டரில் ஓராண்டாக வெதுவெதுப்பான தண்ணீர்தான் வருகிறது. எங்களுக்குப் போர்வெல் நீரும் டேங்கர் நீரும்தான். சர்வீஸுக்கு வந்தவர், “ஆயுள் முடிந்துவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள்” என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா? – ஒரு வாசகி

பதில்: அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். மாடிக்கு ஏறுவதற்கு முன் குளியலறையைப் பாருங்கள். ஹீட்டருக்குள் பச்சைத் தண்ணீர் நுழையும் வால்வை மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்து வையுங்கள். சிறிது நேரத்தில் நீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் கொட்டினால், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் ஏதோ ஒரு மிக்ஸர் குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து கலக்கிறது என்று பொருள். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இது எளிதில் நேரும். சில நூறு ரூபாய் வேலைக்குப் பதிலாகப் புது ஹீட்டரே வாங்கிவிட்டவர்களை நான் அறிவேன்.

அதில் குறை இல்லையென்றால், மாலை ஐந்து மணிக்கும் மறுநாள் விடியற்காலையிலும் தொட்டியிலிருந்து நேராக நீர் பிடித்துப் பாருங்கள். மாலையில் கொதித்து விடியலில் ஆறிப்போயிருந்தால், தொட்டியைச் சுற்றியுள்ள நுரைக் கவசம் ஈரம் ஏறிக் கெட்டிருக்கலாம். மாலையிலேயே சூடு இல்லையென்றால்தான் கண்ணாடிக் குழாய்களின் மீது பழி சொல்லலாம்.

நல்ல குழாயின் அடிமுனையில் உட்புறமாக வெள்ளி போன்ற பளபளப்புப் பூச்சு தெரியும். இரட்டைக் கண்ணாடிக்கு இடையிலுள்ள வெற்றிடம் போய்க் காற்று புகுந்துவிட்டால், அந்தப் பூச்சு சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துவிடும். வெளுத்த குழாயை மட்டும் மாற்றினால் போதும்.

பூச்சு பளபளப்பாகவே இருந்தும் சூடு ஏறவில்லையென்றால், குற்றவாளி உங்கள் தண்ணீர்தான். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை (கரைந்துள்ள கால்சியம், மக்னீசிய உப்புகளின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடின நீர் சூடேறும்போது அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் படிவாக இறங்குகின்றன. குழாய்களின் அடிப்பக்கம் மூடியே இருப்பதால், அந்தப் படிவும் மண்ணும் போக வழியின்றி அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை குழாய்களைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். தொட்டிக்குள் மக்னீசியத் தண்டு இருந்தால் அதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதே அந்தத் தண்டின் வேலை. ஆனால் இந்த வேலை முழுவதும் வெயில் ஏறுவதற்கு முன் முடிந்துவிட வேண்டும். வெயிலில் காலியாகக் கிடக்கும் குழாயின் உட்புறம் 200 டிகிரியைத் தாண்டிச் சூடேறும் என்பதால், அந்த நிலையில் பச்சைத் தண்ணீர் விட்டால் கண்ணாடி வெடித்துவிடும்.

கேள்வி: ஜெயநகரில் எங்கள் வீட்டில் இருப்பது தட்டையான பேனல். காலையில் கண்ணாடிக்கு உட்புறம் நீர்த்துளிகள் தெரிகின்றனவே, ஆபத்தா? – ஒரு வாசகர்

பதில்: வெயில் ஏறியதும் அவை மறைந்துவிட்டால், ஓரத்து ரப்பர் தளர்ந்து வெளி ஈரம் புகுகிறது, ரப்பரை மாற்றினால் போதும். நண்பகலிலும் துளிகள் நின்று, தாமிரக் குழாயின் பற்றவைப்பு அருகே பச்சைக் கறை தெரிந்தால், குழாய் கசிகிறது. பேனலைக் கழற்றித்தான் அதைச் சரிசெய்ய முடியும்.