பக்கத்து வீட்டு கன்சர்வேடிவும் எதிர்வீட்டு லிபரலும்

அன்புள்ள ஐயா,

மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரின் புறநகர் ஒன்றில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். மாலை நடையில் இருவர் பழக்கமானார்கள். ஒருவர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தன்னை கன்சர்வேடிவ், அதாவது அரசு அதிகம் தலையிடக் கூடாது என்பவர், என்கிறார். "எங்கள் அப்பா யாரிடமும் கை நீட்டியதில்லை, நானும் நீட்டியதில்லை" என்பதுதான் அவர் சொல்லும் காரணம். ஆனால் அவருடைய முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுத்தது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர். 2024 தேர்தலில் டிரம்புக்கும், அதே வாக்குச்சீட்டில் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்துவது பற்றி மக்களே நேரடியாக முடிவுசெய்யும் தீர்மானத்துக்கு ஆதரவாகவும் வாக்களித்ததாக அவரே சொன்னார். மற்றவர் பள்ளி ஆசிரியை, லிபரல், அதாவது எளியவர்களுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்பவர். சிறுவயதில் சர்ச்சுக்குப் போய்க் கற்றதைத்தான் அரசியலிலும் கடைப்பிடிப்பதாகச் சொல்கிறார். ஆனால் பக்கத்துத் தெருவில் குறைந்த வாடகைக் குடியிருப்பு கட்டும் திட்டம் வந்தபோது, அதை எதிர்த்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் அவர்தான். இவர்களுக்குத் தங்கள் அரசியல் தங்களுக்கே புரியவில்லையா, அல்லது வெளியாளான என்னிடம் பூசி மெழுகுகிறார்களா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். "நீங்கள் ஏன் கன்சர்வேடிவ்?" என்று கேட்டால் சாதாரண அமெரிக்கர் ஒருவர் பெரும்பாலும் தன் வளர்ப்பையும், தான் மதிக்கும் மனிதர்களையும், அரசின் உதவிக்கு யார் தகுதியானவர் என்ற தன் கணிப்பையும் பற்றியே பேசுவார். எந்தச் சட்டம் வேண்டும், எது வேண்டாம் என்பது அவருக்கு வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சொன்ன பதிலிலிருந்து இரண்டாவதற்கான பதிலை நாமாக ஊகித்துக்கொண்டு, அது பொருந்தாதபோது அவரிடம் முரண்பாடு இருப்பதாக முடிவுகட்டிவிடுகிறோம்.

லாயிட் ஃப்ரீ, ஹாட்லி கேன்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-இல் நடத்திய கருத்துக்கணிப்புகளிலேயே இது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அரசின் தலையீடு பற்றிப் பொதுப்படையாகக் கேட்டபோது சரிபாதிப் பேர் கன்சர்வேடிவ் பதிலைச் சொன்னார்கள். முதியோர் மருத்துவம், பள்ளிகளுக்கான நிதி, வீட்டுவசதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோதோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் லிபரல் பக்கம் நின்றார்கள். பின்னாளிலும் இந்த இடைவெளி மறையவில்லை. காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்குப்படி 1992-இல் தங்களை கன்சர்வேடிவ் என்று சொன்னவர்கள் 36%, லிபரல் என்றவர்கள் 17%. 2024-இல் அது 37%, 25%. அந்தக் காலம் முழுவதும் கன்சர்வேடிவ்களே கூடுதல். ஆனால் அந்த ஆண்டுகளில் நடந்த ஒன்பது அதிபர் தேர்தல்களில் ஏழில் நாடளாவிய வாக்கு எண்ணிக்கையில் முந்தியது லிபரல்களின் கட்சியான ஜனநாயகக் கட்சி.

உங்கள் அண்டைவீட்டார் கை நீட்டியதில்லை என்று சொல்வதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அவர் வேலை பார்த்த காலம் முழுவதும் சம்பளச் சீட்டில் ஃபைகா என்றொரு பிடித்தம் இருந்திருக்கும்: இன்றைய விகிதத்தில் ஓய்வூதியத்துக்கு 6.2%, மெடிகேருக்கு 1.45%, அதே அளவு முதலாளியிடமிருந்தும். பொது வரியோடு கலந்துவிடாமல் தனிப் பெயரோடு தன் கண்முன்னே பிடிக்கப்பட்ட பணம் என்பதால், அறுபத்தைந்து வயதில் திரும்பி வருவதை அவர் தன் சேமிப்பாகவே எண்ணுகிறார். இந்த எண்ணம் அவராகக் கற்பித்துக்கொண்டதல்ல, திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. ஏழைத் தொழிலாளியின் கூலியில் கைவைக்கும் இந்த வரி பொருளாதார ரீதியாகத் தவறு என்று 1941-இல் ஓர் அதிகாரி குறைப்பட்டபோது, அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதை மறுக்கவில்லை. பணம் கட்டியவனுக்கு அது உரிமையாகிவிடும், பிறகு எந்த அரசியல்வாதியாலும் இந்தத் திட்டத்தை ஒழிக்க முடியாது, அதற்காகவே அப்படி அமைத்தோம் என்று பதில் சொன்னார். அமெரிக்க லிபரல்களின் தலைமகன் செய்த அந்த ஏற்பாடுதான், யாரிடமும் எதையும் வாங்கியதில்லை என்று உங்கள் கன்சர்வேடிவ் நண்பரை நிமிர்ந்து நின்று சொல்லவைக்கிறது.

அவர் சொல்வது பாதி உண்மை என்பதையும் குறிப்பிட வேண்டும். மெடிகேரில் மருத்துவமனைச் செலவைத் தரும் ஏ பிரிவு பெரும்பாலும் அந்தச் சம்பளப் பிடித்தத்தில் நடப்பது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரின் கட்டணம் பி பிரிவில் வரும். அதில் உறுப்பினர்கள் கட்டும் சந்தா ஏறத்தாழ கால்பங்குதான், மீதியில் பெரும்பகுதி அரசின் பொதுக் கருவூலத்திலிருந்து வருகிறது. முழங்காலுக்கு ஆன செலவில் ஒரு பகுதி ஊரார் கொடுத்தது. சம்பளச் சீட்டில் வராத இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை.

2009-இல் தென் கரோலினாவின் சிம்ப்சன்வில் என்ற ஊரில், கன்சர்வேடிவ்களின் கட்சியான குடியரசுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் பாப் இங்லிஸ் நடத்திய கூட்டத்தில் ஒருவர் எழுந்து, என் மெடிகேரில் அரசாங்கம் கைவைக்கக் கூடாது என்று எச்சரித்தார். அதை நடத்துவதே அரசாங்கம்தான் என்று இங்லிஸ் எடுத்துச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. அமெரிக்க லிபரல்கள் இந்த நிகழ்ச்சியை நகைச்சுவைத் துணுக்காகவே சொல்லி வருகிறார்கள். எனக்கு அதில் சிரிக்க ஏதும் இல்லை. என் பணத்தில் கைவைக்காதே என்றுதான் அவர் சொன்னார். ரூஸ்வெல்ட் எதிர்பார்த்தது இப்படியொரு குரலைத்தான்.

வாக்குச்சீட்டுக்கு வருவோம். உங்கள் மகன் வசிக்கும் மாநிலத்தைவிட இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மிசூரியில் வேட்பாளர் பெயரோடு கட்சியும் அச்சிடப்பட்டிருக்கும். தீர்மானத்துக்கோ ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள், அங்கே எந்தக் கட்சியின் பெயரும் கிடையாது. முதலாவதில் தான் யாரோடு நிற்கிறேன் என்று வாக்காளர் சொல்கிறார், இரண்டாவதில் மாதச் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார். தொழிற்சங்கங்களின் சந்தா வசூலைப் பலவீனப்படுத்தும் சட்டம் ஒன்றைக் குடியரசுக் கட்சியினர் 2017-இல் கொண்டுவந்தார்கள். 2018 ஆகஸ்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அதைத் தூக்கியெறிந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் குறைந்தபட்ச ஊதியத்தைப் படிப்படியாக மணிக்கு 12 டாலராக உயர்த்த 62% பேர் ஒப்புக்கொண்டார்கள். அதே சீட்டில் குடியரசுக் கட்சியின் ஜோஷ் ஹாலியை செனட்டுக்கும் அனுப்பினார்கள். 2020-இல் ஏழைகளுக்கான மெடிகெய்டு மருத்துவ உதவியை விரிவாக்கும் தீர்மானம் நிறைவேறியது. 2024 நவம்பரில் டிரம்புக்கு ஏறத்தாழ 58%. ஊதியத்தை 15 டாலராக்கி, ஊதியத்தோடு கூடிய நோய்விடுப்பையும் தரும் தீர்மானத்துக்கும் ஏறத்தாழ 58%. கருக்கலைப்பு உரிமைக்கு 52%-க்குச் சற்றுக் குறைவு. உங்கள் நண்பர் விதிவிலக்கானவர் அல்லர், தன் மாநிலத்தின் நடுநாயகமான வாக்காளர். கூலிக்காரனுக்கு உரிய கூலி கிடைக்க வேண்டும் என்பதும், உழைக்காதவனுக்கு இனாம் கூடாது என்பதும் அவர் மனத்தில் ஒரே அறத்தின் இரு பக்கங்களாக இருக்கலாம். அவருடைய அப்பாவைப் பற்றிய வாக்கியம் இரண்டுக்குமே பொருந்துகிறது.

ஆசிரியையின் கதையும் தனிப்பட்டதல்ல. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ, ஜனநாயகக் கட்சியின் அசைக்க முடியாத கோட்டைகளில் ஒன்று. அங்கே முதியோருக்கான குறைந்த வாடகை வீடுகள் அறுபதைக் கட்ட நகரமன்றம் கொடுத்த அனுமதியை 2013-இல் வாக்காளர்களே திரண்டு ரத்துசெய்தார்கள். அகதிகளை வரவேற்கும் அட்டை நட்ட புல்வெளிக்குப் பின்னால், தெருவில் மூன்றுமாடிக் கட்டடம் வந்தால் போக்குவரத்து கெட்டுவிடும், நிழல் விழும் என்ற புகார் இருப்பதை அந்நாட்டு லிபரல் நகரங்களில் எங்கும் பார்க்கலாம். ஆசிரியை சர்ச்சுக்குப் போய்க் கற்றது பொய்யென்று நான் சொல்லவில்லை. பசித்தவருக்கு உணவளிக்க வேண்டும் என்று அவர் உண்மையிலேயே நம்பக்கூடும். ஆனால் இருவரில் எனக்குக் கூடுதல் மனக்குறை அவரிடம்தான். தொழிற்சாலைக்காரரின் பொருத்தமின்மை அவருடைய பேச்சோடு நின்றுவிடுகிறது, வாக்கு ஏழைக்குச் சாதகமாகவே விழுந்திருக்கிறது. ஆசிரியை வாங்கிய கையெழுத்துகளால் யாரோ ஒரு குடும்பம் வேலைக்குப் போக இன்னும் தொலைவிலிருந்து வர வேண்டியிருக்கும்.

இதே சர்ச்சுக் காரணத்தைக் கறுப்பின வாக்காளர்களிடம் கேட்டால் வேறொன்று தென்படும். குடும்பம், வழிபாடு, ஒழுக்கம் பற்றிய கேள்விகளில் அவர்களில் பலர் கன்சர்வேடிவ்கள். ஆனால் பத்தில் எட்டு ஒன்பது பேர் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிக்கிறார்கள். 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிசார் உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் அதிபர் லிண்டன் ஜான்சன், அதை எதிர்த்து வாக்களித்த பேரி கோல்ட்வாட்டரைத்தான் அந்த ஆண்டே குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. அங்கே காரணம் "நான்" என்று தொடங்குவதில்லை, "நாங்கள்" என்றே தொடங்கும்.

ஆகவே இருவர் சொல்வதையும் நம்புங்கள், ஆனால் அதை வைத்து அவர்களின் வாக்கைக் கணிக்காதீர்கள். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். உங்கள் நண்பர் 2024-இல் ஆதரித்த அந்த நோய்விடுப்பு 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதை நீக்கும் மசோதாவை, அவரைப் போன்ற வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த குடியரசுக் கட்சிச் சட்டமன்றம் அதே மாதம் நிறைவேற்றியது. ஜூலையில் ஆளுநர் மைக் கெஹோ கையெழுத்திட்டார். ஆகஸ்டு இறுதியில் விடுப்பு இல்லாமல் போயிற்று. சட்டமன்றத்துக்கும் அவர் அதே கட்சிக்கே வாக்களித்திருந்தால், தீர்மானத்துக்கு அவர் அளித்த வாக்கை, வேட்பாளருக்கு அவர் அளித்த வாக்கு நேரடியாக அழித்த இடம் இது. இதற்கு அவர் ஒரு விளக்கம் வைத்திருப்பார். சிறு கடைக்காரர்களால் தாங்க முடியாது என்று மசோதாவின் ஆதரவாளர்கள் சொன்னதையே அவரும் சொல்லலாம், கோபப்படவும் செய்யலாம். என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அதையும் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.