படத்தில் நடந்தது, பதிவு இலாகாவில் நடக்குமா?

கேள்வி: எனக்கு வயது 20, கிளினிக்கில் வேலை. நான் கட்டிக்கொள்ள விரும்புகிறவர் தோட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார். அம்மா சம்மதிக்கவில்லை. "ரப்பர் மரத்துல பால் வெட்டி, தோட்டத்தை விட்டு வெளியே வர எனக்கு இருபது வருஷம் ஆச்சு. நீ திரும்ப உள்ளே போறியா?" என்கிறார். போன வாரம் வீட்டில் 'அலைபாயுதே' ஓடியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். மறுநாள் பேச்சை எடுத்தால், "படம் வேற, வீடு வேற" என்று எழுந்து போய்விட்டார். படத்தில் வருகிற மாதிரி ரகசியமாகத் தாலி கட்டிக்கொண்டு அவரவர் வீட்டில் இருக்கலாம் என்கிறார் அவர். செய்யலாமா அக்கா?
- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: வேண்டாம் தங்கச்சி. முதல் காரணம் சட்டம். 1982 மார்ச்சிலிருந்து இங்கே கோயிலில் கட்டுகிற தாலி மட்டும் போதாது, பதிவும் வேண்டும். 21 ஆகாதவருக்கு அப்பாவின் எழுத்துப்பூர்வமான சம்மதம் கேட்பார்கள். சரி, அடுத்த வருஷம் போகலாம் என்பாய். அப்போதும் உங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டு, கண்ணில் படுகிற இடத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள். படத்து ஜோடி சென்னையில் ஒளிந்தது. நம் ஊரில் எதிர்க்கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிறவர் உன் சின்னம்மாவுக்குச் சொந்தமாக இருப்பார்.

அந்தப் படத்தை எல்லாரும் பாட்டுக்காகவே ஞாபகம் வைத்திருக்கிறார்கள், நானும்தான். ஆனால் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, போகலாம் என்று சக்தி கூப்பிடுவாள். கார்த்திக் இழுத்தடிப்பான். போய்ச் சேரும்போது அப்பா இருக்க மாட்டார். உன் அம்மா எந்த இடத்தில் அழுதார்? கேட்டுப் பார். காதலுக்காக அழுதார் என்று நீயாக முடிவு செய்துகொண்டாய் என்று எனக்குச் சந்தேகம்.

அம்மா சொன்னதைத் திரும்பப் படித்துப் பார். பையனைப் பற்றி ஒரு குறையும் இல்லை. (ஜாதி காரணம் என்றால் அதையும் நேராகக் கேட்டுவிடு, மனதுக்குள் வைத்துப் புழுங்காதே.) விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போனவருக்குத் தெரியும், வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும். அவர் பயப்படுவது அந்த வீட்டுக்குத்தான். கல்யாணம் ஆனபின் எங்கே குடியிருப்பீர்கள் என்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! படத்திலும் அந்த இரண்டு பேர் கட்டி முடிக்காத வீட்டில்தான் போய் நிற்பார்கள்.

அதனால் முதலில் தோட்டத்துக்கு வெளியே, தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஒரு வாடகை வீடு பாருங்கள். வாடகை எத்தனை வெள்ளி, இரண்டு சம்பளத்தில் முன்பணம் சேர எத்தனை மாதம் ஆகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் அவரே அந்தத் தாளோடு உன் வீட்டுக்கு வரட்டும். நண்பர்களை அனுப்ப வேண்டாம், அவருடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரட்டும். அந்த அம்மாவும் பால் வெட்டியவர் என்றால் இரண்டு பேருக்கும் பேச நிறைய இருக்கும், நீ தேத்தண்ணி கலக்கப் போய்விடு. ஞாயிறு மத்தியானம் மட்டும் வேண்டாம், அப்பா தூங்குகிற நேரம்.