தொங்கு மக்களவையும் குடியரசுத் தலைவரின் அழைப்பும்

அன்புள்ள ஐயா,

எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, தனிப்பெரும் கட்சியையே முதலில் அழைக்க வேண்டும் என்று விதி செய்துவிட்டால் என்ன? தேர்தலுக்குப் பின் கூடுகிறவர்களை அழைப்பது மக்கள் தீர்ப்பை மாற்றுவதாகாதா?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்றும் அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்றும் சொல்லும் அரசியல் சாசனத்தின் 75ஆம் பிரிவு, யாரை முதலில் அழைப்பது என்பதைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்கும் விதி நடைமுறையில் இருந்து பார்த்த ஒன்றுதான். 1989இல் அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் 197 இடங்கள் பெற்ற காங்கிரசை அழைத்தார். ராஜீவ் காந்தி மறுத்ததால் வி.பி. சிங் பிரதமரானார். 1996இல் குடியரசுத் தலைவராக இருந்த சங்கர் தயாள் சர்மா, 161 இடங்கள் வைத்திருந்த பாரதிய ஜனதாவை அழைத்தார். மே 16 அன்று பதவியேற்ற வாஜ்பாய், தோழமைக் கட்சிகளைச் சேர்த்தும் இருநூறை எட்ட முடியாமல், வாக்கெடுப்புக்கு நிற்காமலே மே 28 அன்று விலகினார். தேவைப்பட்டது 272. இந்தத் தொலைவு முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அவையின் நம்பிக்கையை ஒருமுறையும் பெறாத அந்த அரசு, விலகும் தறுவாயில் அமெரிக்க நிறுவனமான என்ரானின் மகாராஷ்டிர மின்திட்டத்துக்கு, மாநிலம் பணம் செலுத்தத் தவறினால் மத்திய அரசு செலுத்தும் என்ற எதிர் உத்தரவாதத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதைத்தான் நான் மிகவும் கவலைக்குரியதாகக் கருதுகிறேன்.

1998இல் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன், வாஜ்பாயிடம் தோழமைக் கட்சிகளின் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டது இதைவிட மேலான வழி. ஆயினும் அதன் விலையை நாம் அறிவோம்: ஜெயலலிதாவின் கடிதம் வந்துசேராத நாள்களில் நாடே போயஸ் தோட்டத்தைப் பார்த்துக் காத்திருந்தது. 1999 ஏப்ரலில் அவர் ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் அரசு 269க்கு 270 என ஒரே வாக்கில் வீழ்ந்தது. அடுத்து வந்த சோனியா காந்தியாலும் போதிய ஆதரவைக் காட்ட முடியாமல் அவை கலைக்கப்பட்டது.

மக்கள் தீர்ப்பு என்கிறீர்கள். நம் முறையில் வாக்காளர் தேர்ந்தெடுப்பது உறுப்பினரை. பிரதமரை ஏற்பதும் இறக்குவதும் அந்த உறுப்பினர்களின் வேலை. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடங்கள் பெற்ற கட்சி, மற்ற எல்லாக் கட்சிகளையும்விடப் பெரியது என்பதாலேயே ஆளும் உரிமை பெற்றுவிடாது. ஆகவே பெரும்பான்மையைப் பதவியேற்புக்கு முன்பே, குடியரசுத் தலைவர் மாளிகையில் அல்லாமல் அவையில் எண்ண வேண்டும் என்பதே என் கருத்து. நீதியரசர் வெங்கடாசலையா தலைமையிலான அரசியல் சாசன மறுஆய்வு ஆணையம் 2002இல், அவைத்தலைவரை (சபாநாயகரை) தேர்ந்தெடுப்பதுபோல, பிரதமராக நியமிக்கப்பட வேண்டிய அவை முன்னவரையும் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கலாம் என்றது. ஜெர்மனியில் சான்சலரை நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கிறது.

அரசு இல்லாமல் அவையை யார் நடத்துவது என்று நீங்கள் கேட்கக்கூடும். உறுதிமொழி ஏற்கச் செய்யவும் அவைத்தலைவர் தேர்தலை நடத்தவும் இப்போதே ஒரு தற்காலிக அவைத்தலைவர் நியமிக்கப்படுகிறார். பழைய அமைச்சரவையும் காபந்து அரசாக நீடிக்கிறது. அந்த ஓரிரு நாள்களிலேயே இன்னுமொரு வாக்கெடுப்பை நடத்திவிட முடியும்.