எல்லோர் குரலும் கீச்சுக் குரலாகக் கேட்கிறதே?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. ஐந்து வருடமாக இரண்டு காதும் சுத்தமாகக் கேட்கவில்லை. காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்து, போன மாதம் ஸ்விட்ச் ஆன் செய்தார்கள். "எல்லோரும் கார்ட்டூன் பொம்மை மாதிரி பேசுறீங்க, ஒண்ணும் புரியலை" என்று வெளியே மாட்டும் பாகத்தைக் கழற்றிக் கழற்றி வைக்கிறார். மிஷினில் கோளாறா? அவருக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். திரும்பக் கேட்பாரா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அப்பா மிகைப்படுத்தவில்லை, அவருக்கு அப்படித்தான் கேட்கும். ஆடியாலஜிஸ்டான (கேட்கும் திறன் நிபுணர்) என்னிடம் வரும் பெரியவர்கள் பலரும் முதல் மாதம் இதையேதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு இருக்காது. சத்தமே நின்றுபோனாலோ, காதுக்குப் பின்னால் வலி, வீக்கம் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

நல்ல காதில் ஒலியை நரம்புக்குக் கடத்த ஏறக்குறைய 3,500 செல்கள் உண்டு. இம்ப்ளான்டில் கம்பெனியைப் பொறுத்து நரம்பைத் தூண்டும் மின்முனைகள், அதாவது எலக்ட்ரோடுகள், 12 முதல் 22 வரைதான். அதோடு, உள்காதில் நத்தை ஓடு போலிருக்கும் காக்ளியாச் சுருளின் வாசல் பக்கம் கீச்சொலிக்கும், உள் நுனி கனத்த ஒலிக்கும் என்று இடம் பிரிந்திருக்கிறது. எலக்ட்ரோடு இழை பெரும்பாலும் அந்த நுனிவரை எட்டாது. அதனால் கனத்த ஆண் குரல்கூட, இத்தனை காலம் கீச்சொலியைச் சொல்லி வந்த நரம்பைத்தான் தொடுகிறது. மூளையும் பழைய கணக்குப்படியே அதைக் கீச்சுக் குரல் என்று எடுத்துக்கொள்கிறது. விடாமல் கேட்கக் கேட்க அந்தக் கணக்கை அதுவே திருத்திக்கொள்ளும். முதல் சில மாதங்களில் மாற்றம் வேகமாகத் தெரியும். ஒரு வருடம் வரைக்கும், சிலருக்கு அதற்கு அப்புறமும் முன்னேற்றம் உண்டு. அப்பா பேசி, கேட்டு வாழ்ந்தவர். காது போய் ஐந்து வருடம்தான் ஆகிறது. இரண்டுமே அவருக்குச் சாதகம்.

ஆனால் கழற்றி வைத்த நேரத்தில் மூளை எதையும் கற்காது. எனக்குக் கவலை தருவது அது ஒன்றுதான். தூங்கும் நேரமும் குளிக்கும் நேரமும் போக மற்ற நேரமெல்லாம் மாட்டியிருக்க வேண்டும். சாயந்திரம் தலை வலிக்கிறது என்றால் அரைமணி ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி மாட்டச் சொல்லுங்கள். சத்தம் தாங்கவில்லை என்றால் மேப்பிங்கில், அதாவது ஆடியாலஜிஸ்ட் கருவியை அவருக்கு ஏற்றபடி சரிசெய்யும்போது, கரண்ட் அளவை மாற்றலாம், தள்ளிப்போடாமல் போங்கள்.

வீட்டில் இதைச் செய்யுங்கள். டிவியை நிறுத்திவிட்டு, இம்ப்ளான்ட் உள்ள பக்கம் நெருங்கி உட்காருங்கள். அவர் கையில் பேப்பரைக் கொடுத்து, அதில் ஒரு செய்தியை நீங்கள் நிதானமாகச் சத்தமாகப் படியுங்கள். அவர் வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டு வரட்டும். நடுவில் சட்டென்று நிறுத்துங்கள். எந்தச் சொல்லில் நிறுத்தினீர்கள் என்று அவர் காட்ட வேண்டும். தினமும் கால்மணி போதும். மற்ற நேரத்தில் அவர் உங்கள் உதட்டைப் பார்த்தால் தடுக்காதீர்கள். கண் பார்த்த சொல்லும் காதில் விழுந்த ஒலியும் சேர்ந்து வருவது மூளைக்குப் பெரிய துணை.

சரி, நாதஸ்வரம். 1978-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் காது டாக்டர் கிரேம் கிளார்க் குழுவினர், பல எலக்ட்ரோடு கொண்ட தங்கள் முதல் கருவியை ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பொருத்தினார்கள். சோதனையின்போது தேசிய கீதத்தை ஒலிக்கவிட்டதும் அவர் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார். தாளமும், ஏற்கெனவே மனப்பாடமான பாட்டும் இம்ப்ளான்டில் முதலில் பிடிபடும். ஸ்வரங்களுக்கு இடையிலான நுணுக்கம்தான் சிரமம். தவில் அப்பாவுக்குச் சீக்கிரம் வந்துவிடும். ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் பழையபடி முழுசாக வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் பயிற்சியால் பாட்டை மறுபடி ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சு ஓரளவு புரிய ஆரம்பித்ததும், அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். அமைதியான அறையில், சின்ன ஸ்பீக்கரில் போடுங்கள். கல்யாண மண்டபத்து இரைச்சலில் முதன்முதலாகக் கேட்க விடாதீர்கள். கருவியில் பாட்டுக்கென்று தனி புரோகிராம் வைக்க முடியுமா என்று அடுத்த மேப்பிங்கில் உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் கேளுங்கள்.